பெங்களூரைக் கட்டிய மண்ணும் கல்லும்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனை நிறுவிய தலைவனைப் பற்றியும், ஆண்ட அரசர்களைப் பற்றியும், அங்கே நிகழ்ந்த போர்களைப் பற்றியும் எழுதுகின்றனர். வாணிகத்தையும் கல்வியையும் பற்றி எழுதுவோரும் உளர். ஆனால், அந்நகரத்தின் சுவர்கள் எப்பொருளால் எழுந்தன, அப்பொருள் எவ்விடத்திலிருந்து எடுக்கப்பட்டது, சுவர் இடிந்த பின்னர் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. இம்மூன்று வினாக்களையும் பெங்களூர் நகரத்தைக் குறித்து எழுப்பி, கிடைக்கும் விடைகளை முறையாக நோக்குவதே இப்பேச்சின் கருத்தாகும். பெங்களூரை நாம் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. மண், கருங்கல், சுட்ட செங்கல், ஓடு, சிமெண்டு ஆகிய ஐந்தும் அந்நகரத்தில் ஒவ்வொரு காலத்தில் ஓங்கி நின்றன. பின்னர், மீண்டும் மண்ணையே நாடும் ஆராய்ச்சியும் அங்கேயே தோன்றியது.

இவ்வினாக்கள் இன்று உலகெங்கும் எழுந்துள்ளன. நிலத்திலிருந்து ஒரு பொருளை எடுப்பது, அதைக் கொண்டு ஒன்றை ஆக்குவது, பயன் தீர்ந்தபின் எறிந்துவிடுவது என்னும் வழக்கமே கடந்த இரு நூற்றாண்டுகளாக ஓங்கி வளர்ந்தது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கென்னத் போல்டிங் என்பார் 1966-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், பூமியை எல்லையற்ற வெளியாகக் கருதலாகாது, கொண்டுசென்ற பொருளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய விண்கலமாகக் கருத வேண்டும் என்று கூறினார். அக்கருத்து படிப்படியாக வளர்ந்து, எடுத்த பொருளை மீண்டும் மீண்டும் பயனுக்குக் கொணரும் முறையாக வடிவு பெற்றது. அதனைச் சுழற்சிப் பொருளியல் என்று இன்று வழங்குகின்றனர். சீன நாடு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றி, 2009-ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து நடைமுறைப்படுத்தியது. பெயர் புதியதாயினும், இதன் உட்பொருளை நம் முன்னோர் அறியாதவரல்லர். பெங்களூரின் கதையே அதற்குச் சான்றாகும்.

எலகங்க நாட்டை ஆண்ட கெம்பே கௌடர், விசயநகரப் பேரரசுக்கு உட்பட்ட சிற்றரசர். அவர் 1537-ஆம் ஆண்டில் மண்கோட்டை ஒன்றை எழுப்பி, அதனுள் பெங்களூர்ப் பேட்டையை அமைத்தார். கோட்டையைச் சுற்றி அகழி தோண்டுவதும், தோண்டிய மண்ணையே குவித்து மதிலாக்குவதும் அக்காலத்து மண்கோட்டைகளின் இயல்பு. பள்ளமும் மேடும் ஒரே உழைப்பால் கிடைத்தன. மதிலுக்கென வேறோர் ஊரின் நிலத்தை வெட்டிப் பாழாக்க வேண்டிய தேவை எழவில்லை. பெங்களூருக்கு அருகில் வற்றாத ஆறு ஏதும் இல்லாமையால், கெம்பே கௌடரும் அவர் வழியினரும் ஏரிகள் பலவற்றை வெட்டுவித்தனர். தருமாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி என்பன அவற்றுட் சில. இவ்வேரிகள் நீர்நிலைகளாக மட்டும் விளங்கவில்லை. ஆண்டுதோறும் மழைநீர் கொணர்ந்த வண்டல் அவற்றின் அடியில் தங்கும். கோடையில் நீர் வற்றியபோது உழவர் அதனை வெட்டி வயலுக்கு இட்டனர். குயவர் கலம் வனைய எடுத்தனர். செங்கல் அறுப்போரும் சுவர் வைப்போரும் தத்தம் தேவைக்கு எடுத்தனர். ஏரி தூர்ந்து போகாமைக்கும் ஊரார் மண் பெறுவதற்கும் ஒரே செயல் துணைநின்றது. தென்னாட்டு ஏரிகள் பலவற்றிலும் இவ்வழக்கம் இருந்ததை நேயர்கள் அறிவர்.

பேட்டையில் எளிய மக்கள் வாழ்ந்த வீடுகள் பெரும்பாலும் மண்சுவரால் ஆனவை. செம்மண்ணை நீர்விட்டு மிதித்துப் பதப்படுத்தி, படைபடையாக வைத்து, ஒரு படை உலர்ந்தபின் மற்றொரு படை ஏற்றுவர். மழைக்காலம் கழிந்ததும் சுவரைப் பூசி மெழுகுவர். வீடு இடிந்து வீழ்ந்தால் அதே மண்ணை மீண்டும் மிதித்துச் சுவராக்கலாம். வேண்டாவிடில் அது நிலத்தோடு கலந்துவிடும். இச்சுவருக்குக் குறைகளும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பெருமழையில் அது கரையும், கறையான் ஏறும், ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் தொல்லை உண்டு. அத்தொல்லையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரே சுமந்தனர். மண்வீட்டைப் புகழும் இக்காலத்தார் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மண்ணுக்கு அடுத்து வந்தது கருங்கல். ஐதர் அலி 1761-ஆம் ஆண்டில் பேட்டைக்குத் தெற்கே இருந்த கோட்டையைக் கல்லால் மாற்றிக் கட்டுவித்தார். 1791-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காரன்வாலிசின் படை அதனைக் கைப்பற்றியது. இன்று அக்கோட்டையில் எஞ்சியிருப்பது டெல்லி வாயிலைச் சார்ந்த சிறு பகுதியே. கோட்டை மறைந்தாலும் கல்லின் ஆட்சி மறையவில்லை. ஏனெனில், பெங்களூர் அமர்ந்திருப்பதே பாறையின்மீது. லால்பாக்குத் தோட்டத்தில் தோன்றும் குன்று முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மையுடைய பாறை என நிலவியலார் கூறுவர்.

இப்பாறையைப் பெயர்த்தெடுக்கப் பெங்களூர்க் கல்தச்சர் கையாண்ட முறை வியக்கத்தக்கது. பாறையின்மேல் விறகுத் தீயை வரிசையாக மூட்டி, அதனைச் சிறிது சிறிதாக நகர்த்திச் செல்வர். சூட்டினால் மேற்பகுதி விரிந்து, கீழுள்ள பாறையினின்றும் ஏடுபோலப் பிரியும். பின்னர் உளியால் கோடு கிழித்து வேண்டிய அளவில் பலகைகளாகப் பிளப்பர். இம்முறையைப் பற்றிய செய்தி 1895-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் வெளிவந்து மேனாட்டாரின் கருத்தைக் கவர்ந்தது. இவ்வாறு கிடைத்த கற்பலகைகள் தரையாகவும், கூரையாகவும், சாக்கடையின் மூடியாகவும், தோட்டத்து வேலியாகவும் பயன்பட்டன. வேலியாக நின்ற பலகை சில காலத்துக்குப் பின் வேறொரு வீட்டின் படியாகும். அவ்வீடு இடிந்தால் நடைபாதையில் பதியும். ஒரே பலகை மூன்று நான்கு தலைமுறைகளுக்கு உழைத்தது. அதனை ஒட்டவைத்த சாந்து வலுவற்றதாகவோ, சாந்தே இல்லாததாகவோ இருந்தமையால்தான் இது இயன்றது. இச்செய்தியை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டுகின்றோம். பின்னால் இது பயன்படும்.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு எனப்படும் படைக்குடியிருப்பை அமைத்தனர். அதனையொட்டி ஆர்க்காடு, வேலூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் பலர் அங்கே குடியேறினர். அவருள் கொத்தனார்களும், கல்தச்சர்களும், ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர். 1864-ஆம் ஆண்டில் சோலையார்ப்பேட்டையிலிருந்து இருப்புப் பாதை பெங்களூர்த் தண்டை அடைந்தது. அதே ஆண்டில் தொடங்கி 1868-இல் முடிந்த பெருங்கட்டடம் ஒன்று இன்றும் நிற்கின்றது. பதினெட்டு அலுவலகங்கள் அமைந்ததனால் அட்டாரக் கச்சேரி என்று பெயர் பெற்ற அச்செந்நிற மாளிகையைக் கட்டும் ஒப்பந்தத்தை ஏற்றவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். பிற்காலத்தில் கல்விச்சாலைகள் நிறுவிப் பெரும்புகழ் எய்தியவரும் அவரே.

அக்காலத்துக் கட்டடங்களில் சுட்ட செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்து வழங்கின. தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையிட்ட மெட்ராஸ் டெரஸ் என்னும் தளமும் பரவியது. செங்கல்லைச் சுடுவதற்கு விறகு தேவை. வளமான மேல்மண்ணும் தேவை. சுண்ணாம்பு நீற்றுவதற்கும் விறகு வேண்டும். ஆகவே, இக்கட்டடங்கள் காட்டுக்கும் வயலுக்கும் செலவு வைத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றிற்கு ஒரு நற்பண்பு இருந்தது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. சுவரைப் பிரிக்கும்போது சாந்து உதிரும், செங்கல் உடையாது. கொத்தனார் கரணையால் சுரண்டித் தூய்மை செய்து அதே செங்கல்லைப் புதிய சுவரில் வைப்பார். உத்திரங்களும் கதவுகளும் சன்னல்களும் பழைய மரக்கடைகளுக்குச் சென்று மறுவாழ்வு பெற்றன. செட்டிநாட்டு மாளிகைகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளுக்கு வந்து, புதிய வீடுகளுக்குச் சென்ற கதையும் இதனை ஒத்ததே.

இதே இயல்பு கொண்ட மற்றொரு பொருள் மங்களூர் ஓடு. பேசல் மிஷனைச் சேர்ந்த செருமானியர் 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். அவர்கள் வார்த்த ஓடுகள் யாவும் ஓரளவின. அவற்றைச் சாந்து கொண்டு ஒட்ட வேண்டுவதில்லை. மரச்சட்டத்தின்மேல் ஒன்றோடொன்று கொளுவி வைத்தால் போதும். ஓர் ஓடு உடைந்தால் அதனை மட்டும் எடுத்து வேறொன்றை இடலாம். கூரை முழுவதையும் பிரித்தால் அத்தனை ஓடுகளும் மற்றொரு கூரைக்கு ஏறும். எளிதில் பிரிக்கத்தக்கதாகவும் ஒரே அளவினதாகவும் ஒரு பொருளைச் செய்துவிட்டால், அது தன் முதல் வீட்டைக் கடந்தும் வாழும் என்பதற்கு இவ்வோட்டினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

1898-ஆம் ஆண்டில் பெங்களூரைக் கொள்ளைநோய் தாக்கியது. பேட்டையின் நெருக்கமான, காற்றோட்டமற்ற வீடுகளின்மேல் பழி விழுந்தது. மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய புதிய பகுதிகளுக்கு மக்கள் சென்றனர். நலவாழ்வு என்றால் அகன்ற தெரு, சுட்ட செங்கல், ஓட்டுக்கூரை என்னும் எண்ணம் வேரூன்றியது. மண்வீடு வறுமையின் அடையாளமாயிற்று. அதன்பின் சிமெண்டு வந்தது. 1914-ஆம் ஆண்டில் போர்பந்தரில் இந்தியச் சிமெண்டு உற்பத்தி தொடங்கியது. சில பத்தாண்டுகளுக்குள் அது நாடெங்கும் பரவிச் சுண்ணாம்பை ஒதுக்கித் தள்ளியது. சிமெண்டை மக்கள் விரும்பியதில் வியப்பில்லை. அது விரைவில் இறுகும், நீருக்கு அஞ்சாது, இரும்புக் கம்பியோடு சேர்ந்தால் மாடிமேல் மாடி தாங்கும். 1956-ஆம் ஆண்டில் முடிவுற்ற விதான சௌதா, உள்ளூர்க் கருங்கல்லின் பெருமையை உலகறியச் செய்தது. கெங்கல் அனுமந்தையா முதலமைச்சராக இருந்து எழுப்பிய அம்மாளிகையே பெங்களூரின் கற்கட்டடங்களுள் பெரியது. எனினும், அதன் பின்னர் எழுந்த நகரம் பெரிதும் கான்கிரீட்டு நகரமே.

இங்கே நிகழ்ந்த மாற்றத்தை நாம் நுணுகி நோக்க வேண்டும். சிமெண்டுச் சாந்து செங்கல்லைப் பெரும்பிடியாகப் பற்றிக்கொள்கின்றது. சுவரை இடித்தால் சாந்து உதிர்வதற்கு முன் செங்கல் உடைகின்றது. கான்கிரீட்டிலோ கம்பியும் கல்லும் மணலும் ஒன்றாகிவிடுகின்றன. கம்பியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சுவது இடிபாடு ஒன்றே. எந்த வலிமையை நாம் விரும்பினோமோ, அவ்வலிமையே பொருளின் மறுவாழ்வுக்குத் தடையாயிற்று. சிமெண்டு செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, நூறு பங்கு கல்லிலிருந்து ஏறத்தாழ நாற்பத்து நான்கு பங்கு கரியமிலவாயுவாக வெளியேறுகின்றது. எரிபொருளின் புகை இதற்கும் மேற்பட்டது. மனிதர் வெளியிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு உலகச் சிமெண்டுத் தொழிலிலிருந்து வருவதாகக் கணக்கிட்டுள்ளனர்.

1951-ஆம் ஆண்டில் பெங்களூரின் மக்கள்தொகை எட்டு இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அது 84 இலட்சத்தைக் கடந்தது. இப்பெருக்கத்துக்கு இடங்கொடுக்க வேண்டி ஆற்றுமணல் அளவின்றி அள்ளப்பட்டது, படுகைகள் பள்ளமாயின, கிணறுகள் வற்றின. சிறு கனிமங்களை எடுப்பதற்கும் சுற்றுச்சூழல் ஒப்புதல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஆணையிட்டது. அதன்பின் பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டு என்னும் செயற்கை மணல் பெருகியது. ஆற்றின் சுமை குன்றின்மேல் ஏறியது எனலாம். இடிபாடுகள் எங்கே சென்றன? வெற்று மனைகளுக்கும், சாலையோரங்களுக்கும், வாய்க்கால்களுக்கும், ஏரிக்கரைகளுக்கும் சென்றன. முன்னாளில் ஊருக்கு மண் கொடுத்த ஏரி, பின்னாளில் ஊரின் இடிபாட்டை விழுங்கும் குழியாயிற்று. வாய்க்கால் அடைபட்டால் மழைநீர் தாழ்ந்த பகுதி வீடுகளுள் புகும். ஒருவர் வீட்டை இடித்தெறிந்த செலவை மற்றொருவர் வெள்ளத்தில் செலுத்துகின்றார். ஆதலின், இப்பொருளைப் பற்றிய ஆராய்ச்சி அறிஞர்க்கே உரியது என்று நாம் இருந்துவிட முடியாது.

இந்நிலையில் மீண்டும் மண்ணை நாடியோர் யாவர் என்று காண்போம். பாகிசுதான் பிரிவினையால் வந்த அகதிகளுக்கு வீடு அமைக்கும் பொருட்டு, 1948-ஆம் ஆண்டையொட்டிக் கர்னாலில் சிமெண்டு சிறிது கலந்த மண்ணைத் திமிசால் இடித்துச் சுவர்கள் எழுப்பினர். 1950-களில் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், மண்கட்டியைக் கையால் அழுத்தும் சிறு பொறியொன்றை ரவுல் ராமிரசு என்பார் அமைத்தார். பெங்களூரில் இம்முயற்சிக்கு உறுதியான அறிவியல் அடிப்படை அமைந்தது 1974-ஆம் ஆண்டுக்குப் பின்னரே. அவ்வாண்டில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், நாட்டுப்புறத்துக்கு அறிவியலைப் பயன்படுத்தும் நோக்குடன் 'அஸ்திரா' என்னும் பிரிவு தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் அமூல்ய ரெட்டி. மின்வேதியியலில் உலகப்புகழ் பெற்ற அவர், ஏழை மக்களின் அடுப்பையும் விளக்கையும் வீட்டையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டார். கட்டடத் துறையில் கே. எஸ். ஜகதீஷும், பின்னர் பி. வி. வெங்கடராம ரெட்டியும் பல ஆண்டுகள் உழைத்தனர்.

அவர்கள் கண்ட வழி இது. பெங்களூர்ப் பகுதியின் செம்மண்ணில் களி மிகுதி. அதனோடு மணல் அல்லது கற்பொடி சேர்த்து, களியின் பங்கை நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை குறைக்க வேண்டும். பின்னர் நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு சிமெண்டு கலந்து, அளவாக ஈரமாக்கி, நெம்புகோல் பொருத்திய கைப்பொறியில் இட்டு அழுத்த வேண்டும். கிடைக்கும் கட்டியைச் சூளையில் சுடுவதில்லை. மூன்று நான்கு வாரம் நிழலில் அடுக்கி நீர் தெளித்து வந்தால் போதும். 230 மில்லிமீட்டர் நீளம், 190 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம் என்பது இக்கட்டியின் அளவுகளுள் ஒன்று. செம்மண்ணின் களி நீர்பட்டு மிகுதியாக உப்பாமையால் சிமெண்டு நன்கு பற்றுகின்றது. உப்பும் இயல்புடைய கரிசல் மண்ணுக்குச் சுண்ணாம்பு ஏற்றது. இதனால், மண்ணைச் சோதித்தறியாமல் கட்டி அறுக்கலாகாது என்பது இத்தொழிலின் முதல் விதியாயிற்று.

இதனால் விளைந்த பயன் யாது? வெங்கடராம ரெட்டியும் ஜகதீஷும் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு கட்டடப் பொருளையும் ஆக்குவதற்குச் செலவாகும் ஆற்றலைக் கணக்கிட்டுக் காட்டினர். ஒரே அளவான சுவருக்கு, சுட்ட செங்கல்லில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கோ அதற்கும் குறைவாகவோ மண்கட்டிக்குப் போதுமானது. சுவரும் தளமும் ஆகிய யாவற்றிலும் இத்தகைய மாற்றுப்பொருள்களைக் கையாண்டால், கட்டடம் முழுமைக்கும் ஆகும் ஆற்றலைப் பாதியாகக் குறைக்கலாம் என்பது அவர்தம் முடிவு. விறகும் நிலக்கரியும் எரியாமை மட்டுமன்று. மண்ணை வண்டியேற்றிக் கொணரும் தொலைவும் குறைகின்றது. சித்ரா விசுவநாத் முதலிய கட்டடக் கலைஞர்கள் 1990-களிலிருந்து பெங்களூரில் இம்முறையில் பல வீடுகளை அமைத்துள்ளனர். நிலவறைக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ தோண்டிய மண்ணே அவ்வீட்டின் சுவராகின்றது. கெம்பே கௌடர் காலத்து அகழியும் மதிலும் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

இம்முறையைக் குறையற்றது என்று நாம் கூறவில்லை. சிமெண்டு கலந்த மண், பழைய மண்சுவரைப்போல் முற்றிலும் நிலமாக மாறாது. அதனை உடைத்துப் புதிய கட்டிகளில் கலக்கலாமே அன்றி வயலில் இடுதல் இயலாது. இரண்டு மூன்று மாடிகளுக்கு மேல் சுமைதாங்கும் சுவராக அதனை எழுப்புவது எளிதன்று. இவற்றினும் பெரிய தடை மக்கள் மனத்தில் உள்ளது. எகிப்து நாட்டில் ஹசன் பாத்தி என்னும் கலைஞர் 1940-களில் நியூ குர்னா என்னும் சிற்றூரைப் பச்சைமண் கற்களால் அழகுற அமைத்தார். யாருக்காக அமைத்தாரோ அம்மக்களில் பெரும்பாலோர் அங்கே குடியேற மறுத்தனர். இடம்பெயர விரும்பாமைக்குப் பிழைப்பைப் பற்றிய கவலை முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், வாழ்வோரின் மதிப்பையும் விருப்பையும் பெறாத வீடு, எத்துணைச் சிறந்த பொருளால் ஆயினும் நிலைபெறாது என்பதை அவ்வூர் காட்டியது. பெங்களூரிலும் செல்வர் விரும்பிக் கட்டும் மண்வீட்டை ஏழை தனக்கு வேண்டாம் என்பது உண்டு. மழைதோறும் மண்சுவரைப் பூசி அலுத்தவரின் மறுப்பை அறியாமை என்று இகழ்தல் முறையன்று.

மண் ஒன்றே வழி என்பதும் இல்லை. ஒரு தொழிலின் கழிவு மற்றொரு தொழிலின் மூலப்பொருளாகலாம். ராய்ச்சூர் போன்ற அனல்மின் நிலையங்களில் மலைபோல் குவியும் நிலக்கரிச் சாம்பல், சிமெண்டிலும் கட்டிகளிலும் கலக்கத்தக்கது. அதனைப் பயன்படுத்துமாறு 1999-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஆணை வெளியிட்டது. இரும்புக் கனியைப் பிரித்தெடுத்தபின் தங்கும் கசடு மணலைக் கொண்டு கட்டிகள் செய்யும் ஆராய்ச்சியும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நடந்துள்ளது. இடிபாட்டையும் இவ்வாறே நோக்க வேண்டும். கட்டட இடிபாடுகளைப் பற்றிய விதிகளை மத்திய அரசு 2016-இல் வகுத்தது. அவற்றின்படி, இடிப்போரே கான்கிரீட்டு, மண், மரம், இரும்பு எனத் தரம்பிரித்துத் தருதல் வேண்டும். அதே ஆண்டில் திருத்தப்பட்ட இந்தியத் தரநிலை, இடிபாட்டிலிருந்து உடைத்த கான்கிரீட்டு ஜல்லியைக் கம்பியிட்ட கான்கிரீட்டில் நூற்றுக்கு இருபது பங்கு வரையும், கம்பியில்லாத கான்கிரீட்டில் இருபத்தைந்து பங்கு வரையும் சேர்க்க இடந்தந்தது. 2025-இல் அறிவித்த புதிய விதிகள், இருபதாயிரம் சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புடைய பெருங்கட்டடங்களை எழுப்புவோர்மீது மறுபயன்பாட்டுப் பொறுப்பைச் சுமத்துகின்றன. 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வருமாறு அவை வகுக்கப்பட்டன.

விதிகள் வேண்டுவனவே. எனினும், இடிபாடு கலந்த பின்னர் அதனைப் பிரிப்பது அரிசியில் கலந்த நொய்க்கல்லைப் பொறுக்குவது போன்றது. பிரிக்கும் வேலை இடிக்கும் நேரத்திலேயே, அவ்விடத்திலேயே நிகழ வேண்டும். அதனினும் மேலாக, கட்டும்போதே பிரிப்பதைப் பற்றி எண்ண வேண்டும். முன்னர் நேயர்களை நினைவில் இருத்த வேண்டிய செய்தி இங்கே பயன்படுகின்றது. கற்பலகையும், சுண்ணாம்பில் வைத்த செங்கல்லும், கொளுவி வைத்த ஓடும் மறுவாழ்வு பெற்றமைக்குக் காரணம், அவற்றைச் சிதைக்காமல் எடுக்க முடிந்ததே. புதிய பொருள் எதுவாயினும் இச்சோதனைக்கு உட்படுத்துதல் தகும். மாடி வீட்டின் தூணையும் தளத்தையும் கான்கிரீட்டால் அமைத்தாலும், இடைச்சுவர்களைச் சுண்ணாம்புச் சாந்தில் வைக்கலாம். சன்னலையும் கதவையும் திருகாணியால் பொருத்தலாம். குழாயையும் மின்கம்பியையும் சுவருக்குள் புதைக்காமல் வெளியே செலுத்தலாம்.

இதற்கு உழைப்பு மிகுதியாக வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்பது உண்மையே. சுவிட்சர்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் வால்ட்டர் ஸ்டாகெல் 1976-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணையத்துக்காக எழுதிய அறிக்கையில் இதனையே நன்மையாகக் காட்டினார். புதிதாக ஆக்குவதற்கு ஆற்றல் மிகுதியாகச் செலவாகின்றது. பழுதுபார்ப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் மனித உழைப்பு மிகுதியாகச் செலவாகின்றது. ஆற்றலுக்கு மாற்றாக உழைப்பை வைத்தால் வேலை பெருகும் என்பது அவர் கருத்து. மக்கள்வளம் மிக்க நம் நாட்டுக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். ஆனால் ஒன்று: அவ்வுழைப்புக்கு உரிய கூலியும் காப்பும் கிடைக்க வேண்டும். புழுதியில் நின்று செங்கல் சுரண்டும் சித்தாளின் நுரையீரலைத் தேய்த்து நாம் மிச்சம் பிடிக்கும் ஆற்றல், மெய்யான சிக்கனமாகாது.

இறுதியாக ஒரு கருத்தைக் கூறி முடிக்கின்றோம். மறுபயன்பாட்டுள் தலைசிறந்தது இடியாமற் காப்பதே. 1982-ஆம் ஆண்டில் அட்டாரக் கச்சேரியை இடித்துவிட்டு வேறு கட்டடம் எழுப்பும் திட்டம் ஒன்று தோன்றியது. நகர மக்களுட் சிலர் நீதிமன்றத்தை அணுகினர். திட்டம் நின்றது; மாளிகை பிழைத்தது. நாராயணசாமி முதலியாரும் அவர்தம் கொத்தனார்களும் வைத்த சுவர்களுக்குள் இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் நடைபெறுகின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த அக்கட்டடத்துக்கு ஆகியிருக்கும் பழுதுபார்ப்புச் செலவையும், அத்தனை பெரிய கட்டடம் ஒன்றைப் புதிதாக எழுப்பியிருந்தால் ஆகியிருக்கும் கல்லையும் மணலையும் ஆற்றலையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். வீடு கட்டும் எண்ணமுடைய நேயர்கள் தத்தம் பொறியாளரிடமும் கொத்தனாரிடமும் விலையைக் கேட்பது போலவே, இப்பொருள் எங்கிருந்து வருகின்றது, பழுதானால் எவ்வாறு திருத்துவது, நம் பேரர் இதனைப் பிரிக்க நேர்ந்தால் இது எங்கே செல்லும் என்னும் மூன்று வினாக்களையும் கேட்பார்களாக. கேட்போர் பெருகினால், விடை சொல்லும் ஆற்றலுடைய கொத்தனார்களும் பெருகுவர்.